விட்ட இடத்திலிருந்து தொடர்வார் யார்?

(அறக்கட்டளையின் சுருத பஞ்சமி விழாவில் வட்டாரத் திட்டக் குழுவினர் முன்னிலையில் ஆற்றிய உரை)

 

நம் வட்டாரத்து ஜினாலயங்களின் திருப்பணி, ஆண்டு விழாக்கள், மாணவர் கல்வி உதவி, முதியோர் நலம் ஆகியவற்றை ஊர் ஊராகத் தனித்தனியே பாராமல் ஒருங்கு வைத்துத் திட்டமிட வேண்டும் என்பதற்காகவே இத்திட்டக் குழு அமைக்கப்பட்டது. இக்குழுவில் மூத்தோர் இளையோர்க்கு வழிகாட்டுவதும் இளையோர் திறன் பெறுவதும் எவ்வாறு நிகழ வேண்டும் என்று பேசுமாறு என்னைப் பணித்தார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்றவள் என்பதால் எனக்கு இது எளிது என்று கருதியிருக்கலாம். உண்மையில் இப்பொருளில் நான் தேர்ச்சி பெற்றவள் அல்லேன், ஒருமுறை தவறியவள். அத்தவற்றையும் இங்கே மறைக்காமல் சொல்லப் போகின்றேன். அதற்கு முன், இன்றைய நாளின் வரலாற்றிலிருந்து தொடங்குவதே முறை.

கிர்நார் மலையிலிருந்து சென்ற ஓலை

சுருத பஞ்சமி என்றவுடன் சாத்திரங்களை அடுக்கி வைத்துப் பூசிப்பது நம் நினைவுக்கு வருகின்றது. அப்பூசைக்குக் காரணமான நிகழ்ச்சியை நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவர்? திகம்பர மரபு வழங்கும் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கின்றேன்.

சௌராட்டிர நாட்டில், ஊர்ஜயந்தகிரி என்று வழங்கும் கிர்நார் மலையின் சந்திரக் குகையில் தரசேனாசாரியார் என்னும் முதுபெரும் துறவி வாழ்ந்தார். வாய்மொழியாகவே வழிவழி வந்த ஆகம அறிவில் எஞ்சிய பகுதி அவர் நெஞ்சில் இருந்தது. தம் ஆயுள் முடிந்தால் அந்த அறிவும் தம்முடன் முடிந்துவிடும் என்று அவர் உணர்ந்தார். உணர்ந்தவர் வருந்தி அமர்ந்துவிடவில்லை. மகிமா நகரில் கூடியிருந்த தென்னாட்டு ஆசாரியர்களுக்கு ஓலை போக்கி, கற்கவும் நினைவில் நிறுத்தவும் வல்ல இருவரை அனுப்புமாறு கேட்டுக்கொண்டார். அவ்வாறு வந்தவர்களே புஷ்பதந்தரும் பூதபலியும்.

வந்தவுடன் அவர் பாடத்தைத் தொடங்கவில்லை. இருவருக்கும் ஒவ்வொரு மந்திரம் கொடுத்தார். ஒருவருக்குக் கொடுத்த மந்திரத்தில் ஓர் எழுத்து மிகுதி. மற்றவருக்குக் கொடுத்ததில் ஓர் எழுத்துக் குறைவு. இருவரும் ஓதினர். பல் நீண்ட உருவில் ஒரு தேவதையும், ஒற்றைக் கண்ணுடன் மற்றொரு தேவதையும் தோன்றினர். தெய்வ வடிவம் இவ்வாறு குறையுடன் இருத்தலாகாது. எனவே பிழை மந்திரத்தில்தான் இருக்க வேண்டும் என்று இருவரும் தெளிந்தனர். மந்திர இலக்கணம் கொண்டு தாமே திருத்தி மீண்டும் ஓத, தேவதைகள் நல்லுருவில் தோன்றினர். அதன் பின்னரே தரசேனர் பாடம் சொல்லத் தொடங்கினார்.

இந்நிகழ்ச்சியைச் சமய நம்பிக்கையாகக் கேட்போரும் உண்டு. குறிப்பாகப் பொருள் கொள்வோரும் உண்டு. ஆசிரியத் தொழில் செய்த என் கண்ணுக்கு இதில் ஓர் அரிய முறை தெரிகின்றது. தரசேனர் தேடிய மாணவர் சொன்னதைச் சொல்லும் மாணவர் அல்லர். ஆசிரியர் கையிலிருந்தே பிழை வந்தாலும் அதைக் கண்டு, அஞ்சாமல், ஆனால் இலக்கணப்படி திருத்தக்கூடியவர்களையே அவர் தேடினார்.

பாடம் முடிந்தவுடன் இருவரையும் அவர் அனுப்பிவிட்டார். புஷ்பதந்தர் வனவாச நாட்டிற்கும், பூதபலி திராவிட நாட்டிற்கும் சென்றனர். புஷ்பதந்தர் 177 சூத்திரங்களை இயற்றி, அவற்றை ஜினபாலிதர் என்னும் தம் மாணவருக்குக் கற்பித்து, அவரிடமே கொடுத்துப் பூதபலிக்கு அனுப்பினார். புஷ்பதந்தரின் ஆயுள் குறைவு என்பதை உணர்ந்த பூதபலி, அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து ஷட்கண்டாகமத்தை நிறைவு செய்தார். அந்நூல் ஏட்டில் நிறைவெய்திப் பூசிக்கப்பட்ட நாளே சுருத பஞ்சமி. நம் தமிழ் வழங்கும் நிலத்திற்கு வந்த ஒருவர் நிறைவு செய்த நூலுக்குரிய விழா இது என்பதில் நமக்குத் தனி உரிமையும் உண்டு. தனிப் பொறுப்பும் உண்டு.

மூன்று தலைமுறையின் ஒரு பணி

விட்ட இடத்திலிருந்து தொடர்தல் என்பது நம் மரபில் ஒருமுறை நிகழ்ந்த அதிசயமன்று. அந்த ஷட்கண்டாகமத்திற்கு 9ஆம் நூற்றாண்டில் தவளா என்னும் பேருரை எழுதினார் வீரசேனர். அடுத்து ஜெயதவளா உரையைத் தொடங்கி, அது முடிவதற்குள் மறைந்தார். அவர் மாணவர் ஜினசேனர் எஞ்சிய பகுதியை எழுதி 837இல் நிறைவு செய்தார். அதே ஜினசேனர் மகாபுராணத்தைத் தொடங்கி, ஆதிபுராணப் பகுதி முடியுமுன் மறைந்தார். அவர் மாணவர் குணபத்திரர் அதனை முடித்து, உத்தரபுராணத்தையும் இயற்றினார். நம் இல்லங்களில் பாட்டிமார் மடியில் வைத்துப் படித்த ஸ்ரீபுராணம் அந்த மகாபுராணத்தின் வழிவந்ததே.

ஆசிரியர் முடிக்காமல் விட்டதை மாணவர் முடித்தார். அம்மாணவர் முடிக்காமல் விட்டதை அவர் மாணவர் முடித்தார். எந்த நூலும் பாதியில் நிற்கவில்லை. ஒருவர் தம் பணியை முடிக்காமல் மறைவது குறையன்று. பெரும்பணி எதுவும் ஒருவர் ஆயுளுக்குள் அடங்குவதில்லை. தொடர்வதற்கு ஒருவரை ஆயத்தம் செய்யாமல் மறைவதே குறை. நான் இன்று சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றவை எல்லாம் இதன் விரிவே.

என் கையேடும் எண்பது பேரின் பசியும்

இனி என் தவற்றைச் சொல்கின்றேன். எங்கள் ஊர் ஆண்டு விழாவில் உணவு ஏற்பாட்டுப் பொறுப்பைப் பதினான்கு ஆண்டுகள் நான் பார்த்து வந்தேன். நம் விழாவில் உணவு என்பது சமையல் மட்டுமன்று என்பதை நீங்கள் அறிவீர்கள். கிழங்கு வகைகள் கூடாது. தண்ணீர் வடிகட்டியதாக இருக்க வேண்டும். வெளியூரிலிருந்து வருவோர் அனைவரும் சூரியன் மறைவதற்குள் உண்டு முடிக்க வேண்டும். எனவே திட்டம் முழுவதையும் மாலையிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். கடைசிப் பந்தி எத்தனை மணிக்கு, அதற்கு உலை எத்தனை மணிக்கு, அதற்குக் காய்கறி வண்டி எத்தனை மணிக்கு, தேர் நிலைக்கு வரத் தாமதமானால் எந்தப் பந்தியை முன்னே இழுப்பது, எந்த ஊரார் தொலைவு செல்ல வேண்டியவர்கள், அவர்களை எந்தப் பந்தியில் அமர்த்துவது என்பன எல்லாம் என் கையேட்டில் இருந்தன.

ஓர் ஆண்டு விழாவிற்குப் பத்து நாள் முன்னர் எனக்கு முழங்கால் அறுவை நடந்தது. கையேட்டை இளம்பெண்களிடம் கொடுத்தனுப்பி, எல்லாம் இதில் இருக்கின்றது என்று சொன்னேன். விழா நாளன்று, நம் வழக்கம் அறியாத கடைக்காரர் உருளைக்கிழங்கையும் கேரட்டையும் சேர்த்து அனுப்பிவிட்டார். அதைத் திருப்பி மாற்றுக் காய் வாங்குவதற்குள் இரண்டு மணி நேரம் போயிற்று. தேரும் தாமதமாயிற்று. சூரியன் மறைந்தபோது வெளியூரிலிருந்து வந்த எண்பது பேர் இன்னும் உண்ணவில்லை. அவர்களுள் முதியோர் பலர். ஒருவரும் கடிந்து ஒரு சொல் சொல்லாமல், தண்ணீரும் அருந்தாமல் பேருந்து ஏறினார்கள். அவர்கள் கடிந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் என்னைப் பார்க்க வந்த பெண் ஒருத்தி கண் கலங்கிச் சொன்னாள்: “பெரியம்மா, உங்கள் நோட்டில் எல்லாம் இருந்தது. எங்களுக்குத்தான் அதைப் படிக்கத் தெரியவில்லை.”

அவள் மீது குற்றமில்லை. அக்கையேடு எனக்கு மட்டுமே விளங்கும் சுருக்கெழுத்தில் இருந்தது. காய்கறிக் கடைக்குக் கிழங்கு வேண்டா என்று நான் ஆண்டுதோறும் வாய்மொழியாகச் சொல்வேனேயன்றி, அதைப் பட்டியலில் எழுதியதில்லை. எனக்குத் தெரிந்திருந்ததால் எழுத வேண்டும் என்று தோன்றவில்லை. பதினான்கு ஆண்டுகளில் ஒரு பெண்ணையேனும் அருகில் அமர்த்தி, இவ்வாண்டு நீ போடு, நான் பார்க்கின்றேன் என்று சொன்னதில்லை. நான் செய்தால் விரைவாக முடியும் என்று எண்ணினேன். நானின்றி நடவாது என்று ஊரார் சொன்னபோது உள்ளூர மகிழ்ந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பவணந்தியார் காட்டும் நான்கு உவமைகள்

நான் பல்லாண்டுகள் நன்னூல் பாடம் நடத்தியவள். நம் சமயத்தைச் சார்ந்த பவணந்தி முனிவர், சீயகங்கன் என்னும் சிற்றரசன் வேண்டுகோளின்படி 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய இலக்கணம் அது. அதன் பொதுப்பாயிரத்தில் ஆசிரியர் ஆகாதவர்க்கு நான்கு உவமைகள் கூறுகின்றார். வகுப்பில் அவற்றை எத்தனையோ முறை விளக்கியிருந்தும், மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபோதுதான் அவை என்னைப் பற்றியவை என்று விளங்கிற்று.

முதலாவது கழற்பெய் குடம். கழற்சிக் காய்களை இட்ட குடத்தைக் கவிழ்த்தால், இட்ட வரிசைப்படி அவை வெளிவாரா. கூட்டத்தில் திடீரென நினைவுக்கு வந்ததையெல்லாம் முன்பின் இன்றிச் சொல்லும் மூத்தோர் இவ்வகையினர். கேட்கும் இளைஞருக்கு எது முதல், எது அடுத்தது என்று தெரியாது. இரண்டாவது மடற்பனை. கருக்கு நிறைந்த அப்பனையில் யாரும் ஏறிப் பறிக்க முடியாது. பழம் தானே விழுந்தால்தான் உண்டு. அணுகிக் கேட்டால் சினந்து, தமக்குத் தோன்றும்போது மட்டும் சொல்வோர் இவர்கள். மூன்றாவது பருத்திக் குண்டிகை. வாய் குறுகிய குடுவையில் பஞ்சை அடைப்பதும் அரிது, எடுப்பதும் அரிது. நான்காவது முடத்தெங்கு. தம் வீட்டில் வேர்விட்டு, பக்கத்து வீட்டில் காய் உதிர்ப்பது. ஊருக்கெல்லாம் அறிவுரை வழங்கி, தம் குழுவில் உள்ள இளைஞரை மட்டும் மறந்துவிடுவோர் இவ்வகை.

நான் பருத்திக் குண்டிகையாக இருந்தேன். இங்கே அமர்ந்திருக்கும் மூத்தோர் தத்தம் வகையை வீட்டிற்குச் சென்று அமைதியாக எண்ணிப் பார்க்கலாம்.

இளையோர்க்கும் அவர் உவமை வைத்திருக்கின்றார். பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னமும், கண்ட புல்லை மேய்ந்து பின்னர் அசைபோடும் பசுவும் தலைமாணாக்கர்க்கு உவமை. ஓட்டைக் குடமும், ஒரு செடியை முழுதும் மேயாமல் ஓடும் ஆடும், குளத்தைக் கலக்கிவிட்டுக் குடிக்கும் எருமையும், நெய்யை ஒழுகவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்ளும் நெய்யரியும் கடைமாணாக்கர்க்கு உவமை. ஒரு பெரியவர் முப்பது ஆண்டுகள் செய்த நற்பணியை விட்டுவிட்டு, அவர் ஒரு கூட்டத்தில் சினந்து பேசியதை மட்டும் நினைவில் வைத்திருப்பவர் நெய்யரியே.

இவை யாவினும் எனக்கு இன்று பெரிதாகத் தோன்றுவது அவர் போட்டுக் கொடுத்த ஒரு கணக்கு. ஆசிரியர் சொல்வதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் மாணவனுக்குக் கிடைப்பது காற்பங்கு அறிவே. உடன் பயில்வோருடன் பழகும்போது மற்றொரு காற்பங்கு. எஞ்சிய அரைப்பங்கு, தானே பிறர்க்கு எடுத்துரைக்கும்போதுதான் நிரம்பும். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் நம் முனிவர் ஒருவர் கண்ட இக்கணக்கின்படி பார்த்தால், நம் கூட்டங்களில் நாம் இளையோர்க்குக் கொடுத்து வருவது பெரும்பாலும் முதற் காற்பங்கு மட்டுமே. அவர்களை அமர்த்திப் பேசுகின்றோம்; அவர்கள் கேட்கின்றார்கள்; தேநீர் அருந்திக் கலைகின்றோம்.

உடன் பயிலும் காற்பங்கு எத்துணை வலியது என்பதற்கு ஒரு சான்று. உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அதன் சமயக் கருத்துகளில் ஐயம் நேர்ந்தபோது கும்பகோணத்துச் சமணர் இல்லங்களை நாடிச் சென்றார். அங்கே அந்நூலை ஒருவர் படிக்க மற்றவர் கேட்டு, ஒன்றாகக் கூடிப் பயின்று, படித்து முடித்த நாளை வீட்டு விழாவாகவே கொண்டாடுவதைக் கண்டு வியந்தார். தமிழ் உலகம் மறந்துவிட்ட ஒரு காப்பியத்தின் பொருளைக் காத்து வைத்திருந்தவை அந்தத் திண்ணைகளும் கூடங்களும்தாம்.

கற்க வேண்டியவை எவை?

நம் குழுவின் பணிக்கு எந்தத் திறன்கள் வேண்டும் என்பதையும் வெளிப்படையாகப் பேச வேண்டும். ஆர்வம் மட்டும் போதாது.

முதலாவது நில ஆவணம். ஜினாலயத்திற்கும் அறக்கட்டளைக்கும் உரிய நிலங்களின் பட்டா, ‘அ’ பதிவேடு, புல வரைபடம், வில்லங்கச் சான்று ஆகியவற்றைப் படித்து ஒன்றோடொன்று ஒப்பிடத் தெரிய வேண்டும். வயலின் எல்லை எந்தப் புளிய மரம் வரை என்று பெரியவர் ஒருவர் நினைவில் இருக்கும். வரைபடம் வேறொன்றைச் சொல்லும். அப்பெரியவர் நம்மோடு இருக்கும்போதே அவரை அழைத்துச் சென்று எல்லையை நடந்து பார்த்து எழுதி வைக்க வேண்டும். மரமும் வெட்டப்பட்டு, பெரியவரும் மறைந்த பின்னர் எவரைக் கேட்பது?

இரண்டாவது திருப்பணி அறிவு. சுண்ணச் சாந்தால் கட்டிய பழஞ்சுவர் ஈரத்தை வாங்கி வெளியிடும் இயல்புடையது. அதன் மீது சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளே தங்கி, உப்புப் பூத்து, கல்லும் சுதையும் உதிரும். தளத்திற்கு அழகாக ஓடு பதிக்கும் முன், அடியில் கல்வெட்டு உள்ளதா என்று பார்க்க வேண்டும். மைய அரசின் தொல்லியல் துறை காக்கும் சின்னமாயின், அதைச் சுற்றி 100 மீட்டர் வரை புதுக் கட்டடம் எழுப்பத் தடையுண்டு. அதற்கப்பால் 200 மீட்டர் வரை முன் அனுமதி வேண்டும். இதை அறியாமல் மண்டபம் கட்டத் தொடங்கிப் பாதியில் நிறுத்துவது நன்கொடையாளர் பணத்திற்குச் செய்யும் அநீதி. ஓர் ஊரில் நல்லெண்ணத்துடன் செய்த திருப்பணியில் எழுத்துள்ள கல்லொன்று சிமெண்டிற்குள் மறைந்துபோனதை நான் கண்டிருக்கின்றேன். அங்கே எழுத்து உண்டு என்று அறிந்திருந்த ஒரே மனிதர் அதற்கு முந்திய ஆண்டு காலமாகியிருந்தார்.

மூன்றாவது மாணவர் நலம். 2014 ஜனவரி 27 அன்று மைய அரசு சமணரைத் தேசிய அளவில் சிறுபான்மையினராக அறிவித்தது. அறிவிப்பு வந்ததாலேயே உதவி வீட்டு வாயிலுக்கு வந்துவிடாது. எந்தச் சான்றிதழை எப்போது பெறுவது, எந்த விண்ணப்பம் எந்த மாதத்தில், பள்ளி ஆவணத்தில் சமயப் பெயர் பிழையாக இருந்தால் எப்படித் திருத்துவது என்பவற்றை அறிந்த ஒருவராவது ஊருக்கு ஊர் இருக்க வேண்டும்.

நான்காவது கணக்கு. வரவும் செலவும் எவரும் எடுத்துப் படிக்கும்படி இருத்தல், ரசீது, தணிக்கை, வருமான வரிப் பதிவுகள் ஆகியவை. ஐந்தாவது, எல்லாவற்றிலும் அரியது, பேச்சுத் திறன். மனத்தாங்கல் கொண்ட இரு குடும்பங்களை ஒரே பந்தியில் அமர்த்தும் திறன் எந்தக் கையேட்டிலும் எழுத இயலாதது. அதை வல்லார் அருகிருந்து பார்த்துத்தான் கற்க முடியும்.

வேடல் கல்வெட்டின் ஒப்புதல்

இவ்விடத்தில் பெண்களைப் பற்றி ஒரு சொல். திட்டக் குழுவில் பெண்கள் என்றால் கோலமும் சமையலும் என்று நாம் ஒதுக்கிவிடுகின்றோம். வந்தவாசிக்கு அருகே வேடல் என்னும் ஊரில், முதலாம் ஆதித்த சோழனின் 14ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்ததாக ஆய்வாளர் கருதும் கல்வெட்டொன்று உள்ளது. குணகீர்த்தி பட்டாரரின் மாணவியான கனகவீரக் குரத்தியார் என்னும் பெண் ஆசிரியரையும், அவரிடம் பயின்ற 500 பேரையும் அது குறிப்பிடுகின்றது. அங்கிருந்த 400 தவத்தோருடன் அவர்களுக்கு மாறுபாடு நேர்ந்தபோது, ஊரார் முன்வந்து, குரத்தியாரையும் அவர் மாணவர்களையும் காத்து உணவளிக்கும் பொறுப்பைத் தாங்கள் ஏற்பதாகக் கல்லில் எழுதி ஒப்புக்கொண்டார்கள்.

ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் 500 பேர் கொண்ட கல்வி நிலையத்தை நடத்திய பெண்ணுக்கு எத்தனை திட்டமிடும் திறன் வேண்டியிருந்திருக்கும்! அதனினும் அந்த ஊரார் செயல் என் உள்ளத்தைத் தொடுகின்றது. கற்பிப்பவரையும் கற்பவரையும் காப்பது தங்கள் கடன் என்று ஓர் ஊரே கருதியது. வழிகாட்டல் என்பது இருவருக்கிடையே நிகழும் தனி உறவு மட்டுமன்று. அதற்குச் சோறும் இடமும் பாதுகாப்பும் கொடுக்கும் ஊர் ஒன்று பின்னால் நிற்க வேண்டும். நம் அறக்கட்டளை அந்த ஊராக நிற்க வேண்டும் என்பதே என் விண்ணப்பம்.

தவறியோரை நிறுத்துதல்

பொறுப்பைக் கொடுத்தால் பிள்ளைகள் தவறு செய்வார்களே என்று கேட்பீர்கள். செய்வார்கள். நற்காட்சியின் எட்டு அங்கங்களுள், வழியினின்று வழுவியோரை மீண்டும் நிலையில் நிறுத்துவதும் ஒன்று. அறத்தோரிடம் பேரன்பு கொள்வதும் ஒன்று. ஸ்திதிகரணம், வாத்ஸல்யம் என்று நாம் வாயால் ஓதுகின்றோம். முதன்முறை கணக்கெழுதிய இளைஞன் நூறு ரூபாயைத் தவறான இடத்தில் எழுதிவிட்டால், கூட்டத்தின் நடுவே எழுந்து அதைச் சுட்டிக் காட்டுவது எந்த அங்கத்தைச் சேர்ந்தது? அவனை வெளியே அழைத்துச் சென்று, பேனாவை அவன் கையிலேயே கொடுத்துத் திருத்தச் செய்வதல்லவா நிறுத்துதல்? கூட்டத்தில் ஒருமுறை நாணிய பிள்ளை அடுத்த கூட்டத்திற்கு வாரான். சென்னையிலோ பெங்களூரிலோ வேலை என்று காரணம் சொல்வான், நாமும் நம்புவோம்.

2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் தம்மைச் சமணர் என்று பதிந்தோர் 89,265 பேர். வட இந்தியாவிலிருந்து வந்து குடியேறியோரும் இதில் அடங்குவர். இவ்வளவு சிறிய சமுதாயத்தில், மனம் நொந்து விலகும் ஓர் இளைஞனும் ஓர் இளம்பெண்ணும் நமக்குப் பேரிழப்பு.

நான் வேண்டுவன

முடிக்குமுன் சில வேண்டுகோள்கள்.

இக்குழுவின் மூத்த உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் ஊரிலோ அடுத்த ஊரிலோ ஓர் இளையவரைத் தேர்ந்து, ஓராண்டு முழுதும் தம் பணியில் உடன் வைத்துக்கொள்ளட்டும். சொந்தப் பிள்ளையைத் தேராமல் வேறு குடும்பத்துப் பிள்ளையைத் தேர்ந்தால் இன்னும் நன்று. பொறுப்பு பரம்பரைச் சொத்தாகாமல் இருக்கும். முதல் நான்கு மாதங்கள் இளையவர் பார்க்கட்டும். அடுத்த நான்கு மாதங்கள் இருவரும் சேர்ந்து செய்யட்டும். கடைசி நான்கு மாதங்கள் இளையவர் செய்ய மூத்தவர் பார்க்கட்டும். ஆண்டு முடிவில் அந்த இளையவர் தாம் கற்றதை இதே அவையில் மற்றவர்க்கு எடுத்துச் சொல்லட்டும். பவணந்தியார் சொன்ன அரைப்பங்கு அன்று நிரம்பும்.

ஒவ்வொரு பணிக்கும் ஒரு கையேடு வேண்டும். எழுதியவர் தவிர இன்னொருவர் அதைப் படித்து, அதன்படி ஒருமுறை செய்து காட்டிய பின்னரே அது கையேடாகும். கணினிப் பட்டியலிலும் கைப்பேசி வரைபடத்திலும் இளையோர் வல்லவர்கள். அவற்றை அவர்களிடம் கற்பதில் மூத்தோர்க்கு நாணம் வேண்டா. வெளியூரில் வாழும் இளையோர்க்கு அங்கிருந்தே செய்யத்தக்க பணியைக் கொடுங்கள். விழா நாளில் மாலை அணிவிப்பதற்கு மட்டும் அவர்களை அழைக்காதீர்கள்.

இளையோர்க்கும் ஒரு சொல். உங்கள் ஊர்ப் பெரியவர் மடற்பனையாக இருக்கலாம். அதற்காக விலகிவிடாதீர்கள். காஞ்சிக்கு அருகே திருப்பருத்திக்குன்றத்திற்குச் சென்றால், விசயநகரப் பேரரசின் அமைச்சர் இருகப்பர் 1387இல் கட்டுவித்த சங்கீத மண்டபத்தைக் காணலாம். தம் ஆசிரியர் புஷ்பசேனர் சொற்படியே அதைக் கட்டினார் என்று கல்வெட்டு கூறுகின்றது. ஆட்சி அதிகாரம் உடைய ஒருவர், அதைச் செய்தவன் நான் என்று மட்டும் எழுதாமல், சொன்னவர் பெயரையும் எழுதி வைத்தார். பெரியோரிடம் கேட்டுப் பெறுங்கள். பெற்றதைச் செய்து முடித்து, அவர்கள் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.

என் கதையின் முடிவையும் சொல்ல வேண்டும். அறுவை முடிந்து வந்த மறு ஆண்டு, அன்று கண் கலங்கிய அதே பெண்ணிடம் பொறுப்பைக் கொடுத்தேன். நான் நாற்காலியில் அமர்ந்திருந்தேன். எத்தனையோ முறை எழுந்து சொல்ல வாய் துடித்தது, அடக்கிக்கொண்டேன். காய்கறிப் பட்டியலின் தலைப்பில் வேண்டாத கிழங்குகளின் பெயர்களை அவள் சிவப்பு மையில் எழுதியிருந்தாள். நான் ஒருபோதும் நினையாத ஒன்றையும் செய்திருந்தாள்: தொலைவு செல்வோர்க்கு, தாமதமானால் வழியில் வெளிச்சம் இருக்கும்போதே உண்பதற்கென, பொதி கட்டி ஆயத்தமாக வைத்திருந்தாள். அவ்வாண்டு சூரியன் மறைவதற்கு முக்கால் மணி நேரம் முன்னரே கடைசிப் பந்தி எழுந்தது. இப்போது அவளுடன் பத்தாம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தி பட்டியல் எழுதிக்கொண்டிருக்கின்றாள்.

இன்று இந்தச் சாத்திரங்களின் முன் நாம் வணங்கி எழும்போது, ஒவ்வொருவரும் ஒரு பெயரை நினைத்துக்கொள்வோம்: நான் விட்ட இடத்திலிருந்து தொடர்வார் யார்? பெயர் நினைவுக்கு வந்தால் இன்று மாலையே அவரை அழைத்துப் பேசுங்கள். வரவில்லையாயின், தேடத் தொடங்குவோம். தரசேனரும் ஓலை எழுதித் தேடித்தான் பெற்றார்.